மேல் அலமாரியில் இடிக்கும் மெஷின்

கார்த்திகை, இரண்டாம் ஞாயிறு. இரவு.

என் வீட்டுக்காரரை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. அடுப்புக்கும் கிரைண்டருக்கும் நடுவில் இருக்கும் இடத்தை நானே டேப் வைத்து அளந்தேன். மேல் அலமாரியில் இடிக்காமல், தண்ணீர்த் தொட்டியைப் பக்கவாட்டில் உருவி நிரப்புகிற சின்ன எஸ்பிரஸோ காபி மெஷினைத் தேர்ந்தெடுத்தேன். அதை வாங்கத்தான் இன்று காந்திபுரம் போனோம். கடை இவருடைய அக்கா வீட்டுக்காரருடையது. வேறு கடைக்குப் போனால் சொந்தத்துக்குள் பெரிய பேச்சாகிவிடும்.

அந்த அண்ணன் நான் காட்டிய மெஷினைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "அது பொம்மையாட்டம் இருக்குதுங்க. பெருசா எடுத்துட்டுப் போங்க மாப்ளே" என்றார்.

"சரிங்க மச்சான்" என்றார் இவர். டேப் என் கையிலேயே இருந்தது.

வீட்டில் வைத்துப் பார்த்தால் தொட்டி மூடியைத் திறக்கவே முடியவில்லை, அலமாரி இடிக்கிறது. தண்ணீர் ஊற்ற ஒவ்வொரு முறையும் அந்தக் கனத்தை முன்னால் இழுக்க வேண்டும். கேட்டதற்கு, "மச்சான்கிட்ட எப்படி அம்மணி வேண்டாங்கறது? கிரைண்டரைப் பால்கனிக்குத் தள்ளிப்போட்டு அந்த எடத்துல வெச்சுக்கோ, அங்க மேல அலமாரி இல்லியே" என்கிறார். மச்சானிடம் வராத 'வேண்டாம்' என்னிடம் மட்டும் நாள் முழுக்க எப்படி வருகிறது?

சாயங்காலம் அண்ணனே போன் செய்தார். "மெஷின் எப்படிங்க அம்மணி, செட் ஆயிருச்சுங்களா?"

நறுக்கென்று நாலு வார்த்தை சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். வாயைத் திறந்தேன்.

"அம்சமா இருக்குதுங்கண்ணா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இன்னும் தூங்க விடவில்லை.