வேகம் குறைந்த ரீல்

2024 மே 19, ஞாயிறு

இன்று மூன்று தரம் நூல் சிக்கியது. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்று தூண்டில் எறிகிறேன். நூல் நுனியில் கட்டிய போலி மீன் பத்து யார் தூரம் போவதற்குள் ரீலுக்குள் நூல் குருவிக்கூடாகிவிடுகிறது. நூல் சுற்றிய உருளை சுழலும்போது பெருவிரல் அதன்மேல் மெல்ல அழுத்தியபடி இருக்கவேண்டும். விரல் பிசகினால் சிக்குத்தான்.

பக்கத்தில் படகு கழுவிக்கொண்டிருந்த யாக்கோப்பு அண்ணை, "என்ன மாஸ்டர், மீன் பிடிக்க வந்தனீரோ, வலை பின்ன வந்தனீரோ?" என்று கேட்டார்.

"இந்த ரீல் வேகம் கூட, அண்ணை. மாத்தவேணும்" என்றேன்.

நாலு வருசமாக இதே ரீல். பெருவிரல்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை.

மே 22, புதன்

சஞ்சீவன் கனடாவிலிருந்து கதைத்தான். மனைவி நிலாந்தியின் தம்பி. அங்கே ஏரிகளில் பாஸ் மீன் பிடிக்கிறவன், அது எங்கள் கொடுவா மீனின் ஒன்றுவிட்ட சகோதரம் என்பான். யூலையில் வருகிறான்.

"அத்தான், உங்களுக்கு என்ன கொண்டுவாறது?"

"ஒரு ரீல். கியர் குறைஞ்சது. ஒண்டுக்கு அஞ்சு."

கைபிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை ஐந்து சுற்றுச் சுற்றும். என்னுடையது எட்டு. எட்டில் நூல் விரைவாக வரும், ஆனால் கை நோகும். ஐந்தில் மெதுவாக வரும், கைக்கு இலேசு.

அவன் விடவில்லை. "கொடுவா தூண்டில்லை கொழுவினாப் பிறகு உங்களை நோக்கித் திரும்பி ஓடிவரும் அத்தான். நூல் தொய்ஞ்சால் தூண்டிலைத் துப்பிப்போடும். அதுக்கு வேகமான ரீல்தான் வேணும். மெதுவான ரீல் ஏன்?"

"ஆழத்திலை இழுக்கிற பெரிய போலி மீனுக்கு."

பொய் இல்லை. ஆழத்தில் இழுக்க அதுதான் நல்லது. ஆனால் நான் கேட்டது அதற்காக இல்லை. நூல் சிக்குவதற்கும் கியருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. கணிதம் படிப்பிக்கிற எனக்கு இதுகூடத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

யூன் 4, செவ்வாய்

பத்தாம் வகுப்பில் வட்டம் கீறினேன். முன்பெல்லாம் வெறுங்கையால் கீறிவிட்டு, கவராயம் வைத்துச் சரிபார்க்கச் சொல்லிப் பெருமைப்படுவேன். இன்று கீறியது கத்தரிக்காய் மாதிரி இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நிலாந்தி சொன்னாள்: "நல்லாச் சாப்பிடுறீங்கள், பிறகேன் இப்பிடி மெலிஞ்சுகொண்டு போறீங்கள்?" வெயில் என்றேன்.

யூன் 9, ஞாயிறு

அப்பாவுக்கு ஐம்பத்தொரு வயதில் நடுக்குவாத வருத்தம் தொடங்கியது. முதலில் வலது கை. கதிரையில் சும்மா இருப்பார், மடியில் கை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். பிறகு நடை. பிறகு பேச்சு. பதினொரு வருசம். கடைசி மூன்று வருசமும் நானும் அம்மாவும்தான் சோறு தீத்திவிட்டோம்.

எனக்கு நாற்பத்துநாலு. மகள் பிரியவதனிக்குப் பன்னிரண்டு வயது. அந்தப் பிள்ளை எனக்குத் தீத்த வேணுமோ?

என்ரை கையைப்பற்றி ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னால் அது உண்மையாப் போயிடும்.

யூன் 20, வியாழன்

கை அப்படியேதான் இருக்கிறது.

யூலை 6, சனி

சஞ்சீவன் முந்தநாள் வந்துவிட்டான். ரீலும் வந்தது. கறுப்பு நிறம், உள்ளங்கைக்குள் அடங்குகிறது. இன்று விடிய இருவரும் இறங்குதுறைக்குப் போனோம். தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்று முதுகுப் பக்கம்.

உருளையின் பிரேக்கை நன்றாக இறுக்கிவைத்து எறிந்தேன். தூரம் போகவில்லை, ஆனால் சிக்கவும் இல்லை. சுற்றும்போது எவ்வளவு இலேசு! பெரிய போலி மீன் அடியில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது, கை நோகவில்லை. ஒரு கணம் எல்லாம் சரிவந்துவிட்டது என்றே நினைத்தேன்.

எட்டாவதோ ஒன்பதாவதோ எறியில் மீன் கொழுவியது. தூண்டில் கோல் வளைந்து நின்றது. கொடுவா வாயைப் பிளந்துகொண்டு ஒருதரம் மேலே துள்ளியது. நாலு கிலோ இருக்கும். பிறகு நேரே எங்களை நோக்கித் திரும்பியது.

"சுத்துங்கோ அத்தான், சுத்துங்கோ!"

சுற்றினேன். ஒரு சுற்றுக்கு ஐந்துதானே. நூல் தொய்ந்துகொண்டே போனது. வேகமாகச் சுற்றப் பார்த்தேன், விரல்கள் நடுங்கிக் கைபிடியிலிருந்து வழுக்கின. இரண்டாம் தரம் துள்ளித் தலையை உதறியது. போய்விட்டது.

"சொன்னனான்தானே, இதுக்கு வேகமான ரீல்..." என்று தொடங்கினான்.

"ரீல் இல்லையடா. என்ரை கை. கை ஏலாமல் போச்சு. அப்பாவின்ரை வருத்தம் எனக்கும் வந்திட்டுது."

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவன் கோலை என் கையிலிருந்து வாங்கி, மிச்ச நூலைச் சுற்றி முடித்தான். பிறகு, "அக்காவுக்குத் தெரியுமோ?" என்றான்.

"தெரியாது."

"நாளைக்குள்ளை நீங்கள் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன்."

யூலை 7, ஞாயிறு

சொல்லிவிட்டேன். நிலாந்தி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்தபோது அழுவாள் என்று நினைத்தேன். திருவலையைத் தள்ளிவைத்துவிட்டு, "அப்ப நீங்கள் குடிக்கேல்லையோ?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"கை நடுங்குது, வேர்க்குது, ராவிலை நித்திரை இல்லை, கேட்டால் எரிஞ்சு விழுறீங்கள். நான் வேறை என்னத்தை நினைக்கிறது? அலுமாரிக்குப் பின்னாலை, கிணத்தடியிலை, ஆட்டுக்கொட்டிலுக்குள்ளை, எல்லா இடமும் போத்தில் தேடினனான்!"

இரண்டு மாதமாக நான் கையை ஒளித்தேன், அவள் போத்தல் தேடியிருக்கிறாள். முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகுதான் அழுதாள். "வருத்தம் எண்டால் பாப்பம். ஆனால் என்னட்டை ஏன் ஒளிச்சனீங்கள்?"



யூலை 10, புதன்

யாழ்ப்பாணத்தில் டொக்டரைக் காட்டினோம். கைகளை முன்னால் நீட்டச் சொன்னார், விரல்களின் மேல் ஒரு கடதாசியை வைத்தார். அது படபடவென்று ஆடியது. நிலாந்தி வேறு பக்கம் பார்த்தாள்.

பிறகு கைகளை மடியில் வைத்துச் சும்மா இருக்கச் சொன்னார். நெடுநேரம் பார்த்தார்.

"உங்கடை அப்பாவுக்குக் கை எப்ப ஆடினது? சும்மா இருக்கேக்கையோ, ஏதும் செய்யேக்கையோ?"

"சும்மா இருக்கேக்கை."

"உங்களுக்குச் சும்மா இருக்கேக்கை ஆடேல்லையே, மாஸ்டர்."

நான் குனிந்து பார்த்தேன். மடியில் இரண்டு கைகளும் அசையாமல் கிடந்தன. இவ்வளவு நாளும் இதை நான் பார்க்கவேயில்லை. ஒளிப்பதிலேயே நின்றிருக்கிறேன்.

கழுத்தைத் தடவினார், நாடி பார்த்தார். சாப்பிட்டும் மெலிகிறதா, நெஞ்சு படபடக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஓம். இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை எதையும் நிச்சயமாகச் சொல்லமாட்டாராம்.

யூலை 16, செவ்வாய்

தைரொயிட்! கழுத்துச் சுரப்பி கூடுதலாகச் சுரக்கிறதாம். அவ்வளவுதான். அப்பாவின் வருத்தம் இல்லை.

"தைரொயிட்டுக்குக் குளிசை ஒரு வருசத்துக்கு மேலை போடவேண்டி வரும். நடுக்கத்துக்கு வேறை ஒண்டு தாறன், அது கெதியாக் குறையும்" என்றார் டொக்டர். நான் மூன்று தரம் திருப்பிக் கேட்டேன், மூன்று தரமும் பொறுமையாகச் சொன்னார்.

வரும்போது பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியதும் நிலாந்தி என் கையைப் பிடித்தாள். வேலணை வரும்வரை விடவில்லை. பஸ்ஸில் என்னிடம் படித்த பெடியள் இரண்டுபேர் நின்றார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

யூலை 28, ஞாயிறு

சஞ்சீவன் போய்விட்டான். போகும்போது, "அந்த ரீலைத் தாங்கோ, அங்கை மாத்தி வேகமானது அனுப்பிறன்" என்றான். கொடுக்கவில்லை.

ஓகஸ்ட் 25, ஞாயிறு

நிலாந்தியும் பிரியவதனியும் இன்று இறங்குதுறைக்கு வந்தார்கள். பிரியவதனி ஐந்து எறிக்குப் பிறகு அலுத்துப்போய் யாக்கோப்பு அண்ணையின் படகில் ஏறி இருந்துவிட்டாள்.

ஆழத்தில் ஒரு கொடுவா கொழுவியது. அதே மாதிரி என்னை நோக்கித் திரும்பியது. இந்தத் தரம் சுற்றிக்கொண்டே பின்னுக்கு நடந்தேன். மெதுவான ரீல் என்றால் மிச்சத்தைக் கால்தான் செய்யவேண்டும். நிலாந்தி, "பாத்து, பின்னாலை கல்லு, கல்லு!" என்று கத்திக்கொண்டே வந்தாள். தொய்யவில்லை. யாக்கோப்பு அண்ணை படகிலிருந்து குனிந்து வலைக்குள் அள்ளினார். மூன்றரைக் கிலோ. தலையும் ஒரு துண்டும் அவருக்குக் கொடுத்தோம்.

மத்தியானம் கொடுவாக் குழம்பு. மூவரும் தேவைக்கு மேலேயே சாப்பிட்டோம். பின்னேரம் கணக்குக் கொப்பிகள் முப்பத்தெட்டுத் திருத்தினேன்.

இன்று முழுக்க என் கையை நான் ஒருதரமும் பார்க்கவில்லை. இதை எழுத இருந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது.