இரண்டாவது பிரேக்

மார்ச் 4, புதன்

நான்கு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று தொண்டை டாக்டர் சொல்லிவிட்டார். குசுகுசுப்பும் கூடாது, அது இன்னும் கெடுதலாம். செருமவும் கூடாது. உள்ளங்கை காய்த்துப்போவதுபோல என் குரல்நாண் காய்த்துப்போயிருக்கிறதாம். மீறிப் பேசினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பிறகு என்ன குரல் வரும், வேலைக்கு ஆகுமா என்பதெல்லாம் அவரால் சொல்ல முடியாதாம்.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். "ஓ" என்றார். அந்த "ஓ" எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு ஒரு பதில் கொடுப்பதற்குள், இந்த நிமிஷத்திலிருந்தே ஆரம்பித்துவிடுங்கள் என்று உதட்டில் விரலை வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து டாக்டர் சீட்டை நீட்டினேன். இவர் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை.

மார்ச் 5, வியாழன்

எழுந்ததிலிருந்து பேசவில்லை. மணி இப்போதுதான் எட்டரை.

மார்ச் 7, சனி

வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு யோசனை சொல்ல ஆளா இல்லை? "வீட்ல இருந்தே உருப்படியா எவ்வளவோ செய்யலாம்" என்று இவர் ஆரம்பித்தார். உருப்படி என்றால் பரண் மேல் இருப்பதை இறக்கித் துடைப்பது. மாடி வீட்டக்கா வந்து, "ரொட்டி சுடு, மனசு லேசாயிடும்" என்று மாவுப் பொட்டலமே கொடுத்துவிட்டுப் போனாள். மகள் ஒரு ஜிக்சா பெட்டி வாங்கிக் கொடுத்தாள். ஆயிரம் துண்டைச் சேர்த்தால் ஒரு படம். துறைமுகமும் படகுகளும் மேலே ஆகாயமும். டிரைவிங் பள்ளி முதலாளி போனில், "நாலு வாரம்னா சமாளிச்சுக்கலாம், அதுக்கு மேல போச்சுன்னா பாப்போம்" என்றார். என் மாணவர்கள் என்னைப் பற்றிக் கேட்டார்களாம். அக்கறையாகக் கேட்டார்களா, எப்போது திரும்பி வருவேன் என்று கலக்கத்தோடு கேட்டார்களா என்பதை அவர் சொல்லவில்லை, என்னாலும் கேட்க முடியவில்லை.

இவர் தன் பங்குக்குக் குழந்தைகள் எழுதும் சிலேட்டு ஒன்று வாங்கி வந்திருக்கிறார். அவசரத்துக்குக் கரண்டி. ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. இன்று முழுக்க இரண்டு தட்டுதான் தட்டினேன்.

மத்தியானம் பால்கனியில் நின்றேன். பக்கத்துத் தெரு டிரைவிங் பள்ளியின் வண்டி கீழே ஊர்ந்து போனது. அந்தப் பயிற்சியாளருக்கு மௌனசாமி என்று பெயர் வைத்தவளே நான்தான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வாய் திறக்க மாட்டார். தூங்குகிறார் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். யாரோ அப்பாவி ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட்டிப் போனதைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரித்தேன். வெகுநேரம் சிரித்தேன்.

மகள் நூலகத்துக்குப் போயிருக்கிறாள். பஸ்ஸில். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவளின் மகள் இன்றைக்கும் பஸ்ஸில்தான் போகிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். நாலாம் நாள் நடுரோட்டில் வண்டியை நிறுத்தினாள், இறங்கினாள், கதவை மெதுவாகச் சாத்தினாள், நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. நான் ஒன்றும் கத்தவில்லை, சத்தமாகச் சொன்னேன். இரண்டும் வேறு.

மார்ச் 9, திங்கள்

ரொட்டி சுட்டேன். கத்தி இறங்கவில்லை. இவர் அதைக் கையில் எடுத்து எடை பார்த்து, மேஜையில் தட்டிக் காதை வைத்துக் கேட்டு, "மேட்டுல வண்டி நிறுத்தினா சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கலாம்" என்றார். மகள் சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது. ரொட்டியைத் தூக்கிப் போடவில்லை. அலமாரி மேல் வைத்திருக்கிறேன், ரோஷத்தில்.

மார்ச் 11, புதன்

இவர் பேசுகிறார்.

இத்தனை வருடமாக இவரை அமைதியான மனுஷர் என்று நினைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறேன். கண்ணாடிக் கடையிலிருந்து வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறார். ஒருத்தர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, தொலைந்துபோச்சு, புதுசு வேண்டும் என்று வந்தாராம். இவர் எதுவும் சொல்லாமல் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் உட்கார வைத்தாராம். அந்த ஆள் தன்னைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி ஒண்ணு கொடுங்க" என்றாராம். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. சிரிப்புக்குச் சத்தம் வரக்கூடாதே என்று தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டேன்.

இதெல்லாம் ஏன் முன்னாடி சொல்லவே இல்லை என்று சிலேட்டில் எழுதிக் கேட்டேன். "எங்க, இடம் கிடைச்சாத்தானே" என்றார்.

மார்ச் 14, சனி

ஜிக்சாவில் துறைமுகமும் படகும் முடிந்தன. இனி வெறும் நீலம். மகள் நூலகத்திலிருந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் எதிரில் உட்கார்ந்து, நீலத் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். உன்னால பேச முடியாதுங்கிற தைரியத்துலதான் சொல்றேன்."

கரண்டியை எடுத்தேன். "அதையும் வை" என்றாள்.

சனிக்கிழமை நூலகம் எல்லாம் நூலகம் இல்லையாம். கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாளாம். இரண்டு மாதமாக. பக்கத்துத் தெருப் பள்ளியில். மௌனசாமியிடம்.

"போன சனிக்கிழமை பால்கனியில நின்னு பாத்துச் சிரிச்சியே, அது நான்தான்."

சிலேட்டில் எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். கடைசியில் "கண்ணாடி பார்த்து ஓட்டுகிறாயா?" என்று எழுதிக் காட்டினேன்.

"பாக்குறேன். அவர் ஒரு தடவைதான் சொன்னார். அதுலேர்ந்து பாக்குறேன்."

இருபத்தேழாம் தேதி டெஸ்டாம்.

மார்ச் 15, ஞாயிறு

மௌனசாமிகிட்டயா? ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா? பெத்தவ இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன் — இதையே தொழிலா வச்சிருக்கேன் — என்னை விட்டுட்டு அந்த ஆள்கிட்ட — கொண்டுபோய்ச் சேத்துவிட்டதே இவர்தானாம். ரெண்டு மாசமா அப்பனும் பொண்ணும் ஒண்ணுமே தெரியாத மாதிரி என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்காங்க.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, துண்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். குரல்நாணுக்கு ஒன்றும் ஆகவில்லை. துண்டு கிழிந்துவிட்டது.

அழவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அழுதேன். என்கிட்ட கத்துக்க பயந்திருக்கா. என்கிட்ட.

மார்ச் 17, செவ்வாய்

இரண்டு நாளாகக் கோபத்தில் பேசாமல் இருந்தேன். ஏற்கெனவே பேசாமல் இருப்பவள் இப்போது கோபத்தில் பேசாமல் இருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்? இருவரும் ஒரு வித்தியாசமும் தெரியாமல் சந்தோஷமாக வளைய வருகிறார்கள். கோபம் வீணாய்ப் போனதுதான் மிச்சம்.

மார்ச் 18, புதன்

சாப்பிடும்போது மகள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாம் வந்துவிட்டதாம், ரிவர்ஸில் போய் வண்டியை நிறுத்துவதுதான் பயமாம். பின்னால் எவ்வளவு இடம் என்று கணக்கே தெரிவதில்லையாம்.

என் காதில் விழாத மாதிரி தட்டை எடுத்துக்கொண்டு போனேன். சமையலறை வரை போனேன். அதற்கு மேல் முடியவில்லை. கை துறுதுறுவென்றது.

திரும்பி வந்து சாப்பாட்டு மேஜையைத் துடைத்தேன். நடுவில் ஒரு தட்டைக் கவிழ்த்தேன், அது ரவுண்டானா. உப்பு டப்பா எங்கள் கார். தேயிலை டப்பா மாடி வீட்டக்காவின் கார். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துகிற இடம் ஒரு தூணுக்கும் அக்கா காருக்கும் நடுவில் இருக்கிறது. தூணுக்கு என்ன செய்வது என்று யோசித்துவிட்டு, அலமாரி மேலிருந்து அந்த ரொட்டியை இறக்கினேன்.

மகள் ரொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உப்பு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கரண்டியால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தேன். ஸ்டியரிங்கை ஒடி, நேராக்கு, நில். முதல் தடவை ரொட்டியில் இடித்தாள், உப்பு கொட்டியது. இவர் மிளகுத்தூள் டப்பாவைப் பாதசாரி என்று சொல்லிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்காமல் சாலையைக் கடந்தார். இரண்டு முறை அடிபட்டார். நஷ்டஈடாக ஒரு டீ கேட்டார். இதற்குள் மணி பத்தாகிவிட்டது. உப்பு டப்பா ரொட்டியைத் தொடாமல் உள்ளே போய் நின்றபோது மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்பாவைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்து.

மார்ச் 19, வியாழன்

இன்றும் மேஜைச் சாலை. பரண் அப்படியே இருக்கிறது.

மார்ச் 21, சனி

ஜிக்சா மேல், ஆகாயத்தில் ஓட்டையாக இருந்த இடத்தில், கார் சாவியை வைத்தேன்.

மகள் வெகுநேரம் அதையே பார்த்தாள். "பேசமாட்டேன்னு எழுதிக் கொடு" என்றாள்.

"பேச முடியாது" என்று எழுதினேன்.

"முடியாது வேற, மாட்டேன் வேற."

சிலேட்டை அழித்தேன், மறுபடி எழுதவில்லை. மாட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். என்னை எனக்குத் தெரியாதா?

"சரி, இப்போதைக்கு முடியாதே போதும்" என்று சாவியை எடுத்துக்கொண்டாள்.

பயிற்சி வண்டியில் என் காலடியில் இரண்டாவது பிரேக் ஒன்று உண்டு. சொந்தக் காரில் கிடையாது. ஆனாலும் என் கால் போகும் வழியெல்லாம் மிதித்துக்கொண்டே வந்தது. காலடியில் விரித்த மிதியடியில் பள்ளமே விழுந்திருக்கும். வாயைப் பூட்டச் சொன்ன டாக்டர் காலைப் பூட்டச் சொல்லவில்லை.

நன்றாக ஓட்டுகிறாள். மௌனசாமி நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இந்த வரியை யாரும் படிக்கக் கூடாது.

கீழ்த்தளத்துக்கு வந்ததும் தூணைப் பார்த்தாள். இறங்கிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

மார்ச் 27, வெள்ளி

ஃபெயில். ரிவர்ஸில் கம்பத்தைத் தொட்டுவிட்டாளாம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெதுவாகத்தான் சாத்தினாள். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

எனக்குச் சொல்ல எவ்வளவு இருந்தது தெரியுமா? ஸ்டியரிங்கை எப்போது ஒடித்தாய், எந்தக் கண்ணாடியைப் பார்த்தாய், பதற்றப்பட்டாயா — நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் ஜிக்சா முன்னால் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் கதவு திறந்தது. எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஒரு நீலத்தை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள்.

"ஒரு விரக்கடைதாம்மா. இன்னும் ஒரு விரக்கடை முன்னாடி நிறுத்தியிருந்தா போதும்."

ஒரு தட்டுத் தட்டினேன்.

"இனிமே வேணாம்னுதான் நினைச்சேன். ஆனா இன்னொரு தடவை போறேன்" என்றாள். நான் எதுவும் சொல்லாமல் இருந்ததால்தான் இதைச் சொன்னாளா? கேட்கவில்லை. சிலேட்டு பக்கத்திலேயே இருந்தது, எடுக்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

டாக்டரிடம் மகள்தான் எல் போர்டு ஒட்டிய காரில் கூட்டிப்போனாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு "ஆ" சொல்லச் சொன்னார். ரொம்ப நாள் சாத்தி வைத்திருந்த ஷட்டரைத் தூக்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. காய்ப்பு கரைந்துவிட்டதாம், கத்தி வேண்டாமாம். "பேசலாம், கொஞ்சம் கொஞ்சமா. கத்தக் கூடாது. அடுத்த வாரத்துலேர்ந்து வேலைக்கும் போகலாம்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பேசலாம் என்று சொன்ன பிறகும் ஒரு வார்த்தை வரவில்லை.

வெளியே வந்ததும் மகள் "என்ன சொன்னார்?" என்றாள். கையை ஒரு மாதிரி ஆட்டினேன். பொய் ஒன்றும் இல்லை, ஆட்டினேன், அவ்வளவுதான். வீடு போய்ச் சேரும் வரை அவள் நிம்மதியாக ஓட்டட்டுமே.

வழியில் ஒரு லாரி. அப்புறம் ஒரு மஞ்சள் விளக்கு. அப்புறம் போனில் பேசிக்கொண்டே சாலையில் இறங்கிய ஒருவன், எங்கள் வீட்டு மிளகுத்தூள் டப்பா மாதிரியே. ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஒரு வார்த்தை இருந்தது. இப்போது முடியும். மிதியடியை மட்டும் மிதித்தேன். அவளே எல்லாவற்றையும் சமாளித்தாள்.

கீழ்த்தளத்தில் எங்கள் இடத்துக்கு முன்னால் நிறுத்தினாள். இறங்குவாள், சாவியை நீட்டுவாள் என்று கதவில் கை வைத்தேன். அவள் இறங்கவில்லை. ரிவர்ஸ் கியரைப் போட்டாள்.

"டாக்டர் ரூம் கதவு சரியா சாத்தலம்மா" என்றாள். "அவர் சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வழி முழுக்க நீ பேசல. லாரிக்குக்கூடப் பேசல. நான் பாத்துட்டுத்தான் வந்தேன்." திரும்பிப் பின்னால் பார்த்தாள். தூணைப் பார்த்தாள். "ரொட்டிக்கு இன்னும் எவ்வளவு இருக்கு? நீ சொல்லும்மா."

நானும் திரும்பினேன். அக்காவின் கார் இந்தப் பக்கம், தூண் அந்தப் பக்கம்.

"வா" என்றேன். குரல் சின்னதாக, யாருடையதோ போல இருந்தது. "வா... வா... கொஞ்சம் ஒடி... வா... இன்னும் ஒரு சாண் இருக்கு... வா... போதும்."

வண்டி நின்றது. எங்கேயும் தொடவில்லை. அவள் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவு மெதுவாக்கூட உனக்குப் பேச வருமா?"

கரண்டி கையில் இல்லை. கதவில் ஒரு தட்டுத் தட்டினேன்.