வெல்லாவெளி வீதியில் நெஞ்சளவு தண்ணீர்

மார்கழி 1, திங்கள்

மழை. மூன்றாம் நாள். வெல்லாவெளியிலிருந்து வெளியே போகும் வீதி வயல் வட்டைக்கு நடுவே மூழ்கிவிட்டது. இன்று என் கணவர் அந்தோனிக்கு டயலிசிஸ் நாள். போகவில்லை. வாரம் இரண்டு தடவை மட்டக்களப்பு ஆஸ்பத்திரி. தவறியது இதுவே முதல் தடவை. அடுத்தது வியாழன்.

பின்னேரம் வீக்கம் முழங்கால் வரை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. கதிரையிலேயே இருக்கிறார்.

சனம் உழவு மெசின் இழுக்கும் பெட்டியில் போய்வருகிறது. திறந்த பெட்டி. அவர் கழுத்தில் டயலிசிசுக்குப் போட்டிருக்கும் குழாய் ஒரு சொட்டும் நனையக்கூடாது என்று தாதி சொன்னார். ஆகவே வியாழன் எங்கள் பழைய ஜீப்தான். நான் ஓட்டப் பழகி நாலு மாதம்.

சொன்னேன்.

"உனக்கு விசரா மேரி?"



மார்கழி 2, செவ்வாய்

காலையில் கொஞ்சம் வெளிச்சம். பிறகு மழை. ஜீப்பை எப்போதும் பார்க்கும் ஏறாவூர் மெக்கானிக் லத்தீப் நானாவுக்குக் கோல் எடுத்தேன். வீதி இல்லை, அவர் வர வழியில்லை.

"டீசல் தானே தங்கச்சி, தண்ணிக்குள்ளயும் ஓடும். ஆனா இஞ்சின் தண்ணிய உறிஞ்சினா முடிஞ்சுது. காத்து எடுக்கிற வாயக் கூரைக்கு மேல ஏத்துங்க. மறுகா மத்ததுகளச் சொல்றன்."

செய்தவை:
– காற்று வடிகட்டியிலிருந்து கூரைக்கு மேல் வரை குழாய். மழைத் தண்ணீர் இறங்கும் வீட்டுப் பீலிக் குழாயைக் கழற்றினேன்.
– சக்கர அச்சுப் பெட்டிகளின் மூச்சு ஓட்டைகளுக்கு றப்பர் குழாய், உயரத்தில் கட்டியது. சூடான பெட்டி குளிர் தண்ணீரில் இறங்கினால் தண்ணீரை உள்ளே இழுக்குமாம்.
– வயர் மூட்டுகளுக்குக் கிறீஸ். பாதி கிறீஸ் என் தலைமயிரில்.
– தண்ணீரைத் தள்ள முன்பக்கம் கட்டப் படங்குத் துணி: இது மட்டும் இன்னும் இல்லை, நாளை.

அவர் கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்பானர் எங்கே என்று கேட்டேன். தெரியாதாம்.

மார்கழி 3, புதன்

சோதனை: இஞ்சின் ஓடும்போது குழாய் வாயை உள்ளங்கையால் அடைத்தால் நிற்க வேண்டும். அடைத்தேன். நிற்கவில்லை. எங்கோ காற்று போகிறது. காற்று போகும் இடத்தால் தண்ணீரும் போகும். மூன்று தரம் கழற்றிப் பூட்டினேன். மூன்று தரமும் ஓடிக்கொண்டே இருந்தது.

நானாவுக்குக் கோல்.

"விடுங்க தங்கச்சி. இது சரிவரா."

குரலில் ஏதோ தயக்கம். "நானா, உண்மையச் சொல்லுங்க. ஏலாதா?"



"எனக்குப் பொய் வராது. அந்தோனி விடியக் கோல் எடுத்தவர். ஏலாதெண்டு சொல்லுங்க நானா, அவள் தண்ணிக்குள்ள எறங்கப் போறாள் எண்டு அழுதவர்." பிறகு, "வடிகட்டிப் பெட்டி மூடிய கழட்டுங்க. உள்ளுக்க றப்பர் வளையம் ஒண்டு இரிக்கி. அதப் பாருங்க."

வெடித்திருந்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டேன். அடைத்தேன். இரண்டு தரம் குலுங்கி நின்றது.

அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. சோறு கொடுத்தேன். இரண்டு வாய். முகம் ஊதிக் கண் சிறுத்துவிட்டது.

மார்கழி 4, வியாழன். ஆஸ்பத்திரியில்

காலை தூறல். பக்கத்து வீட்டுச் சிவலிங்கம் அண்ணன் கம்போடு முன்னால், நான் இடுப்பில் கயிற்றோடு பின்னால். தண்ணீருக்குள் நடந்து பார்த்தோம். கரையில் முழங்கால். நடுவில் என் நெஞ்சு. மதகடியில் இடப்பக்கம் வீதியை அரித்துப் பெரிய பள்ளம். அண்ணன் அதில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினார்.

முன்னால் படங்கு கட்டி, விசிறி பெல்ட் கழற்றியாயிற்று. விசிறி தண்ணீரில் சுழன்றால் வளைந்து ரேடியேற்றரை வெட்டும். ஆனால் பெல்ட் இல்லாமல் ஐந்து நிமிடம்தான். மிஞ்சினால் இஞ்சின் எரியும்.

"ஏறுங்க" என்றேன்.

கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் எப்பிடியும் போறவன். உன்னையும் கொண்டு போகச் சொல்றியா?"

"நானாவுக்கு நீங்க கோல் எடுத்தது எனக்குத் தெரியும். ஏறுங்க."

ஏறினார். கழுத்தைச் சுற்றிப் பொலித்தீன்.

தாழ் கியர், இரண்டாவது. மாற்றக்கூடாது. நிற்கக்கூடாது. தண்ணீர் பொனட்டுக்கு மேலே வந்தது. காலடியில் வந்தது. பிறகு ஆசனத்தில். மதகடியில் இழுவை, ஜீப்பின் பின்பக்கம் மெல்ல இடப்பக்கம் போகத் தொடங்கியது. சிவப்புத் துணி அவருடைய யன்னலுக்கு ஒரு முழத்தில். என் கால் தானாகவே எக்ஸிலேற்றரை விட்டு எழும்பியது.

அவர் கை என் முழங்காலில் விழுந்தது. அழுத்தியது.

"எடுக்காத! அமத்து. அமத்து புள்ள!"

அமத்தினேன். துணி பின்னால் போனது. கரை ஏறியும் அவர் கையை எடுக்கவில்லை.

இறங்கிப் பெல்ட்டைத் திரும்பப் பூட்டினேன்.

மார்கழி 5, வெள்ளி

மழை. நேற்று டயலிசிஸ் முடிய வார்டில் மறித்து வைத்தார்கள், இன்று விடுகிறார்கள். வீக்கம் பாதி இறங்கிவிட்டது. மூன்று இடியப்பம் சாப்பிட்டார். வாகனத் தரிப்பிடத்தில் ஜீப்புக்குக் கீழே படுத்து அச்சுப் பெட்டிகளைத் திறந்தேன். முன்னது சுத்தம். பின்னதில் ஒயில் பால் தேத்தண்ணி நிறம். தண்ணீர் போயிருக்கிறது.

வந்து சொன்னேன். மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவும் வேண்டாம் என்பார் என்று நினைத்தேன்.

"இஞ்சால வீதி நல்லாத்தானே இரிக்கி, இப்பவே ஏறாவூருக்கு நானாட்டக் கொண்டு போய் ஒயில மாத்து. நான் இதில இரிக்கன். இன்னும் எத்தின தரம் போய்வரக் கிடக்கு."