ஜாமீனுக்குப் போன உன் நிலம்

என் கௌரி அக்காவுக்கு, உன் தம்பி எழுதிக்கொள்வது.

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. ஓசூரில் பேருந்து ஏறி, கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டினால் உன் ஊர். நேரில் வந்து, நீ போடும் காப்பியைக் குடித்துக்கொண்டே சொல்லக்கூடியதை யாராவது எழுதுவார்களா? இப்போது எழுதித்தான் ஆக வேண்டும். உன் நிலத்தை ஜாமீனுக்கு வைத்துவிட்டேன், அக்கா. சரியா தவறா என்று இன்னும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

யாருக்காக என்று கேட்பாய். விஷயம் நீ போன பிறகு நடந்தது. உங்கள் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு தையல் ஆலைக்குப் பெண்கள் விடுதி இருக்கிறது. வடக்கேயிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண் அங்கே இறந்துபோனாள். காய்ச்சல் என்றது நிர்வாகம். காய்ச்சல்தான், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகக் கேட்டைத் திறக்கவில்லை என்றார்கள் கூட இருந்த பெண்கள். இதை இரண்டு பேர் போய் விசாரித்து அறிக்கையாக எழுதினார்கள். ஒருத்தி நசீமா, ஓசூரில் தையல் ஆலையில் வேலை செய்து, பிறகு மனித உரிமை வேலைக்கு வந்தவள். இன்னொருவன் முனிராஜ், ஜவளகிரிக்காரன், வேன் ஓட்டுகிறவன்.

விசாரித்ததில் கன்னடக் காகிதங்கள் சில இருந்தன. எனக்குக் கன்னடம் படிக்க வரும் என்று யாரோ சொல்லி நசீமா என் வீட்டுக்கு வந்தாள். நான்தான் ஆலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்த்தே தலை நரைத்தவன் ஆயிற்றே. மொழிபெயர்த்துக் கொடுத்ததோடு நிற்காமல் அறிக்கை முழுவதையும் ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்டேன். இதை யார் சொன்னார்கள், நேரில் பார்த்தார்களா, கேட்டுச் சொன்னார்களா என்று. அவள் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. கடைசியில் அந்த அறிக்கையில் தப்பு என்று சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அறிக்கை வெளிவந்த பிறகு அந்தப் பக்கத்துப் போலீஸ் ஓசூருக்கே வந்து இருவரையும் கூட்டிப்போனது. அத்துமீறி நுழைந்தார்கள், தொழிலாளர்களைக் கலகத்துக்குத் தூண்டினார்கள் என்று வழக்கு. கீழ்க் கோர்ட்டில் ஜாமீன் கிடைக்கவில்லை.

அவர்களை விடுவிக்கச் சொல்லி ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூர் ராம்நகரில் நின்றோம். நின்றோம் என்று என்னையும் சேர்த்துச் சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றேன். படம் எடுக்க வந்தவர், "சார், அட்டய கொஞ்சம் எறக்குங்க. போட்டோல அட்டைக்குக் கீழ வேட்டி மட்டுந்தான் தெரியுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்திருப்பாய்.

மேல் கோர்ட்டில் ஒருவழியாக ஜாமீன் வந்தது. ஆளுக்கு ஒரு நிலக்காரர் பொறுப்பேற்றால் போதும். எங்கள் பக்கத்தில் அதற்கு ஆள் கிடைத்தார்கள். கெலவரப்பள்ளிப் பக்கத்து விவசாயிகள் இருவர் பட்டாவோடு வேன் ஏறினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். அந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் நிலம் இருப்பவர் வேண்டுமாம். தமிழ்நாட்டுப் பட்டா செல்லாது. உத்தரவில் அது தெளிவாக எழுதியிருந்தது. எங்களில் யாருக்கும் அது உறைக்கவில்லை. காலையில் அந்தப் பக்கம் வேலைக்குப் போய், சாயங்காலம் இந்தப் பக்கம் காய்கறி வாங்குகிறவர்களுக்கு நடுவில் ஒரு எல்லை இருப்பதே மறந்துபோயிருக்கிறது.

அன்று நசீமாவின் அம்மா வீட்டு மாடியில் கூடினோம். வழக்கை நடத்தும் வக்கீல் கவிதா சின்ன வயசுக்காரி, அதட்டிப் பேசுவாள். "இங்க இருக்கறவங்க யாருக்கும் அந்தப் பக்கம் நெலம் கெடையாது. அத ஏத்துக்கிட்டு வேற வழி பாக்கலாம்" என்றாள்.

"கெடையாதுன்னு சொல்ல முடியாது" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, அக்கா. ஒரு தகவல் பிழையாக இருந்தது, திருத்தினேன். அவ்வளவுதான். பயம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. அதற்குள் மாடியில் இருந்த எல்லோரும் என் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

வீட்டில் சொன்னபோது சரோஜா நம்பவில்லை. "பல்லி மேல வுழுந்தா ரெண்டு நாளைக்கு வெளிய போவாத மனுசன், நீங்களா ஜாமீன் குடுக்கப் போறீங்க?" என்றாள். பிறகு அவளும் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் வாய்தாவுக்கு வராமல் போனால் கோர்ட் நிலத்தின் மேல் கை வைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் நிலம் இன்னும் என் பெயரில் இல்லையே. நீ எனக்கு உயில் எழுதி வைத்தாய். நான் எதையும் மாற்றவில்லை. எங்கள் பக்கம் பட்டா என்பதை உங்கள் பக்கம் பஹணி என்பீர்கள். அந்தப் பஹணியில் நீதான் இருந்தாய், கௌரம்மா என்று கன்னடத்தில். மாமா போன பிறகு அந்த ஒரு வரியில் ஏறுவதற்காக நீ தாலுகா ஆபீஸ் வாசலில் எவ்வளவு காலம் காத்திருந்தாய் என்று பார்த்தவன் நான். முழங்கால் வலி, பேருந்தில் கூட்டம் என்று எல்லோரிடமும் காரணம் சொல்லிவந்தேன். உன் பெயரை அதிலிருந்து அடிக்க எனக்குக் கை வரவில்லை.

பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்னால் உன் கொழுந்தன் மகன் மஞ்சுநாத்தைப் பார்க்கப் போனேன். அவன்தான் இப்போது நிலத்தைப் பயிர் செய்கிறான். சுற்றிலும் மனை போட்டுக் கல் நட்டுவிட்டார்கள், நடுவில் உன் அரை ஏக்கரில் மட்டும் ராகியும் அவரையும் நிற்கின்றன. விஷயத்தைச் சொன்னேன்.

"ஜெயில்ல இருக்கறவங்களுக்கா மாமா? நம்ம நெலத்தயா?"

"நிலம் எங்கயும் போகாது மஞ்சு. அவங்க கோர்ட்டுக்கு ஒழுங்கா வந்தாப் போதும்."

"வரலேன்னா?"

"வருவாங்க."

"நான் கேட்டது அது இல்ல. வரலேன்னா?"

"வரலேன்னா நிலத்து மேல கோர்ட் கை வைக்கும்."

"அந்த ஹாஸ்டல்ல கேட்டப் பூட்டறது எங்க ஊருக்கே தெரியும். இங்கேருந்தும் பொண்ணுங்க வேலைக்குப் போவுது. நாங்களே வாயத் தொறக்கல. ஓசூர்லேருந்து வந்து அவங்களுக்கு என்னாத்துக்கு? தொட்டம்மா எவ்ளோ கஷ்டப்பட்டு தன் பேருக்கு மாத்தன நெலம்." பெரியம்மா என்பதை அவன் இன்னமும் தொட்டம்மா என்றுதான் சொல்கிறான். "நான் ஆட்சேபம் எழுதிக் குடுத்தா என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண முடியாது. கேஸ் இழுத்துக்கும். எழுதிக் குடுக்க உனக்கு உரிமை இருக்கு."

திரும்பி வந்து இதைச் சொன்னதும் கவிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். "எதிராளிக்கு நீங்களே பாயிண்ட் எடுத்துக் குடுக்கறீங்களே சார்?" என்றாள். அவன் கேட்டான், நான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது?

நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆட்சேபத்துக்கு உரிய கெடு முடிகிறவரை நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளே இரண்டு பேர் காத்திருக்க, மஞ்சுநாத் ஒரு வரி எழுதினால் எல்லாம் நின்றுபோகும். அவன் எழுதவில்லை. உனக்காகவா, அந்தப் பெண்களை நினைத்தா, வேலை மும்முரத்தில் மறந்துபோனானா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

புதிய பஹணி வந்த அன்று, அச்சடித்த காகிதத்தைக் கவுண்டரிலேயே நின்று படித்தேன். நீ இல்லை. நான் இருந்தேன். பின்னால் நின்றவர் தள்ளியதால் நகர்ந்தேன்.

ஒரு நிலம் ஓர் ஆளுக்குத்தான் செல்லும். இருவரில் யார் என்ற கேள்வியை நான் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை, அந்த மட்டில் தப்பித்தேன். சிறைக்கு மனு போட்டுப் பார்க்கப் போன கவிதாவிடம் நசீமாவே சொல்லி அனுப்பினாள்: "முனிராஜ மொதல்ல எடுங்க. அவனுக்கு சுகர். மாத்திர நேரத்துக்குக் கெடைக்கறதில்ல. நான் இருந்துக்கறேன்."

விசாரணைக்கு என்று ஒரு காவலர் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். "இந்த வயசுல எதுக்கு சார் உங்களுக்கு இதெல்லாம்?" என்று பரிவாகத்தான் கேட்டார். அந்தப் பரிவுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

கோர்ட்டில் கூண்டு ஏறினேன். முனிராஜ் என்ன உறவு என்று கேட்பார்கள், குடும்ப நண்பர் என்று சொல்லுங்கள் என்று கவிதா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நீதிபதி கேட்டார். "உறவு இல்லை. இவங்க எழுதின அறிக்கையைச் சரிபார்த்தேன், சரியாக இருந்தது. அப்படித்தான் தெரியும்" என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். கவிதா கண்ணை மூடிக்கொண்டாள். நீதிபதி காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

அடுத்த கேள்விக்கு யாரும் என்னைத் தயார் செய்யவில்லை. "நிலம் உங்களுடையதுதானா?"

பஹணி கையில் இருக்கிறது, பெயர் என்னுடையது, சட்டப்படி சரி. ஆனாலும் வாய் திறக்க மறுத்தது. கவிதா இருமினாள். இரண்டாவது தடவை இன்னும் பலமாக இருமினாள். "ஹௌது" என்றேன். ஆமாம் என்று அர்த்தம். அன்று நான் பேசியதிலேயே கடினமான சொல் அதுதான்.

முனிராஜ் வெளியே வந்தான். பாதி உடம்பு போய்விட்டது. சிறை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "அக்கா எப்ப சார்?" நசீமாவைத்தான் கேட்கிறான் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அன்று சாயங்காலம் நசீமாவின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். சரோஜா கொடுத்த காப்பியைத் தொடாமல் ஆறவிட்டார். பிறகு சொன்னார்: "முனிராஜ் வந்தது சந்தோசம் சார். அவனும் என் புள்ள மாதிரிதான். எம் பொண்ணு சொன்னதுல தப்பே இல்ல. ஆனா பெத்தவ நான். அந்தக் காகிதத்துல அவ பேர எழுதியிருந்தா இன்னைக்கு அவ என் வூட்ல சாப்டிருப்பாளேன்னு நெனைக்காம இருக்க முடியல. கோவிச்சுக்காதீங்க."

நீ இருந்தால் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாய். நான் காப்பியைச் சூடு பண்ணட்டுமா என்று கேட்டேன்.

ஜாமீன் கிடைத்தும் நசீமா இன்னும் உள்ளே இருக்கிறாள். நிலம் வைத்திருக்கும் ஒருவர் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட வராததுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை. கேட்டவர்கள் எல்லோரும் கையை விரிக்கிறார்கள். கெட்டவர்கள் இல்லை, என்னைப் போன்றவர்கள்தான். அவர்களுடைய பயம் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

வியாழக்கிழமை காலை உன் ஊருக்கு வருகிறேன். கவிதா கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். வக்கீலைப் பார்த்தால் கதவு திறக்காது. முதலில் மஞ்சுநாத் வீடு. அவன் பெயரிலும் பஹணி இருக்கிறது. என்ன பேசுவது என்று நேற்று சரோஜாவை மஞ்சுநாத்தாக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். "முடியாது மாமா, கெளம்புங்க" என்று அவள் சொன்ன வேகத்தில் எனக்கு அடுத்த வாக்கியம் மறந்துபோயிற்று. மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் போட நான் சம்மதித்ததும் அதனால்தான். உங்கள் பக்கத்தில் தமிழ் படிக்கிறவர்கள் நிறைய. நான் வந்து நிற்பதற்கு முன்னால் யாராவது படித்திருந்தால், நான் பாதியில் தடுமாறினாலும் எதற்கு வந்தேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மஞ்சுநாத் மறுத்தால் அடுத்த வீடு. உன் ஊர் முழுக்க மறுத்தால் அடுத்த ஊர். கௌரம்மாவின் தம்பி என்று சொல்லித்தான் ஒவ்வொரு வாசலிலும் நிற்பேன். நசீமா வெளியே வரும்வரை கேட்பதை நிறுத்த மாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. கேட்கும்போது குரல் நடுங்கும், அக்கா. அதற்கு மட்டும் என்னால் பொறுப்பேற்க முடியாது.

உன் கூடப் பிறந்த தம்பி,
சேகரன்
ஓசூர்