சீனி போடாத நெய் பிஸ்கட்

சங்கரன்கோவில்
14.11.1982

அன்பு மகன் சங்கரபாண்டியனுக்கு அம்மா ஆவுடையம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கை செண்பகம் மூன்று பேரையும் கோமதியம்மன் எழுந்து நடமாடும்படி வைத்திருக்கிறாள். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். பிலாயில் குளிர் தொடங்கியிருக்கும், போன வருஷம் அனுப்பிய கம்பளியை வெயிலில் போட்டு எடுத்துக்கொள். மகனே, இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன். கையில் கிடைத்ததும் உட்கார்ந்து முழுவதையும் படித்துவிடு, துரைப்பாண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் படித்துவிடு. செண்பகத்துக்கும் அவனுக்கும் பேசிய சம்பந்தம் நின்றுவிட்டது. நிறுத்தியது நான்தான். அவன் உன்னோடு ஒரே குவார்ட்டர்ஸில் இருக்கிறவன், அடுத்த வாரம் அவன் அப்பா காசிராஜன் அண்ணாச்சியின் கடிதம் அவனுக்கு வந்துவிடும், அவன் வந்து கேட்கும்போது ஒன்றும் தெரியாமல் நீ விழித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

ஆவணி மாதம் நான் எழுதிய கடிதம் உனக்கு ஞாபகம் இருக்கும். செண்பகத்தின் சீனி வியாதியைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டோம், அவர்கள் பெரிய மனதோடு சரி என்று சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருந்தேன். அது பொய். ஒரு வார்த்தை கூட அவர்களிடம் சொல்லவில்லை. சிநேகிதனிடம் என் வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, பெரியவர்கள் வழியாகவே போகட்டும் என்று நீதான் எழுதினாய், என்னை நம்பித்தான் எழுதினாய். என் கடிதத்தைப் பார்த்துவிட்டு நீ அவனிடம், வீட்டில் எல்லாம் பேசிவிட்டார்களாம் உனக்குச் சம்மதம்தானே என்று கேட்டிருக்கிறாய், அவன் நகைநட்டைப் பற்றிச் சொல்கிறாய் என்று நினைத்துத் தலையாட்டியிருப்பான். அப்பா அப்போதே சொன்னார்கள், "சொல்லிருவோம்டி, போனா போகட்டும்" என்று. நான்தான் கேட்கவில்லை. அதற்கு முன்னால் இரண்டு இடத்தில் உண்மையைச் சொல்லித்தானே பார்த்தோம். சிவகிரிக்காரர்கள் பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்துபோனார்கள். கழுகுமலையிலிருந்து வந்த அம்மாள், பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டே, இது ஒரு குழந்தையாவது பெறுமா என்று கேட்டாள். அன்றைக்கு ராத்திரி செண்பகம் சாப்பிடவில்லை, ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாவிட்டால் மயக்கம் வந்துவிடுமே என்று பதறிப்போய் நான் கெஞ்சிக் கெஞ்சிப் பால் புகட்டினேன். அதற்குப் பிறகு என் புத்தி இப்படிப் போய்விட்டது. தாலி ஏறட்டும், பிலாய்க்குப் போனால் பக்கத்தில் நீ இருப்பாய், மெல்ல மெல்ல அவனுக்குத் தெரியட்டும், நல்ல பையன் புரிந்துகொள்வான் என்று கணக்குப் போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை புளியங்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இருபது பேர் நிச்சயத்துக்கு வருவதாக இருந்தது. அவர்கள் வழக்கத்தில் ஐந்து சுமங்கலிகள் பெண்ணுக்கு இனிப்பு ஊட்டுவார்களாம். ஊட்டும்போது வேண்டாம் என்று வாயை மூடினால் ஏன் எதற்கு என்று பேச்சு கிளம்பும். சாப்பிட்டால் மறுநாள் காலையில் கண்ணாடிக் குழாயில் ஒன்றுக்கு எடுத்து மருந்து விட்டுக் காய்ச்சினால் சீனி ஏறிவிட்டது என்று செங்கல் நிறத்தில் வந்து நிற்கும். அதனால் நம் கடை நெய் பிஸ்கட் மாதிரியே பார்வைக்கு இருக்கிற, சீனியும் மைதாவும் இல்லாத பிஸ்கட் செய்வது என்று முடிவு செய்தேன். நம் கடை அடுப்படியில் ரொட்டி சுடுகிற பையன் பாதுஷாவிடம் பிள்ளைக்கு ஆசையாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். நிலக்கடலையை லேசாக வறுத்துத் தோல் நீக்கி இடித்து, துணியில் கட்டிக் கல்லைத் தூக்கி வைத்து எண்ணெயை இறக்கினேன். பாதாம்பருப்பை ஊறவைத்து உரித்துக் காயவைத்துப் பொடித்தேன், கொஞ்சம் கொப்பரைத் துருவல், ஏலக்காய், நெய். இனிப்புக்கு மருந்துக் கடைச் சாக்கரின் மாத்திரை. முதல் தடவை வேப்பங்காய் மாதிரிக் கசந்தது, இரண்டாம் தடவை கையில் எடுத்தாலே உதிர்ந்தது. பாதுஷா ரெண்டு நாள் யோசித்துவிட்டு, "சூடு ஏறினா இந்த மாத்திரை கசக்குதுக்கா, ரொட்டியெல்லாம் எடுத்த பொறவு அடுப்பு அடங்குத சூட்டுல வைப்போம், பாலாடையும் ஒரு கரண்டி சேருங்க, புடிச்சுக்கிடும்" என்று சொன்னான். அப்படியே செய்தேன், வந்துவிட்டது. நிறம், வெடிப்பு, மேலே வைத்த முந்திரி எல்லாம் கடை பிஸ்கட் மாதிரியே. தின்று முடித்த பிறகு நாக்கின் அடியில் ஒரு சின்னக் கசப்பு நிற்கும், அவ்வளவுதான். அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டதை இப்போது நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. செண்பகம் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கும்மா, ஆனா இதை எத்தனை வருசத்துக்கு இப்படி ஒளிச்சு ஒளிச்சுச் சுடுவ?" என்று கேட்டாள். நல்ல நாளும் அதுவுமாக வாயைத் திறக்காதே என்று அவளை அதட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நான் நினைத்த மாதிரியே நடந்தது. அவளுக்கென்று பூப்போட்ட பீங்கான் தட்டில் தனியாக வைத்துவிட்டேன், ஊட்டுகிறவர்கள் அதிலிருந்தே எடுத்து ஊட்டினார்கள், பிள்ளையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். காசிராஜன் அண்ணாச்சி மட்டும் வந்ததிலிருந்து எந்த இனிப்பையும் தொடவில்லை. வீட்டுக்குள்ளும் கேன்வாஸ் ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார், எலுமிச்சங்காய்க் கமிஷன் கடைக்காரர், கொஞ்சம் கெத்து என்று நினைத்தேன். எல்லாரும் சம்பந்தியைச் சாப்பிடச் சொல்லி நெருக்கவும் அவர் சிரித்துக்கொண்டே, "சரி, மருமக தட்டுலேருந்து அவ கையாலே ஒரு துண்டு தாரட்டும்" என்று சொல்லிவிட்டார். நான் கையில் காப்பித் தட்டோடு நிலைப்படியில் நிற்கிறேன். செண்பகம் என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு பாதியாக ஒடித்துக் கொடுத்தாள். வாயில் போட்டு மென்றவர் மெல்லுவதை நிறுத்தினார். அப்புறம் முழுவதையும் தின்றுவிட்டு, நன்றாயிருக்கிறது இன்னொன்று தா என்று கேட்டு வாங்கினார்.

கை கழுவப் போகிற மாதிரி பின்கட்டுக்கு வந்தார். மெதுவாகத்தான் கேட்டார். "தங்கச்சி, சாக்கரின் எத்தனை மாத்திரை போட்டிய? ஆறு வருசமா நான் காப்பியில இதைத்தான் போட்டுக் குடிக்கேன், எனக்குத் தெரியாதா இந்த ருசி. யாருக்கு வியாதி?" அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம் மகனே. அவுகளுக்குத்தான் என்று கூடத்தில் இருந்த உன் அப்பாவைக் கைகாட்டினேன். வாய் மூடுவதற்குள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து செண்பகம், "எனக்குத்தான் மாமா, மூணு வருசமா ஊசி போடுதேன், காலையில இருவது, சாயங்காலம் பத்து யூனிட்டு" என்று சொன்னாள். அவர் அவள் பக்கம் திரும்பினார். ஊசியை நீயே போடுவியா, மயக்கம் வருமா என்று ஒன்றொன்றாகக் கேட்டார், அவளும் நிதானமாகப் பதில் சொன்னாள். பிறகு ஷூவைக் கழற்றி வலது காலைக் காட்டினார், இரண்டு விரல் இல்லை. "செருப்பு போடாம நடக்காத தாயி" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் கூடத்துக்குப் போனார். அவர் சம்சாரத்தின் காதில் ஏதோ சொன்னார். முகூர்த்தம் குறித்த லக்னப் பட்டோலையை மறந்து வைத்துவிட்டு வந்தோம், வேறு நாள் பார்த்துத் தாம்பூலம் மாற்றிக்கொள்வோம் என்று நாலு பேர் முன்னால் மரியாதையாகவே சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். எங்களை யாரும் தப்பாகப் பார்த்துவிடக் கூடாது என்று அவர் தன் பேரில் பழியைப் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை அவர் மட்டும் பஸ்ஸில் வந்து நேரே கடையில் இறங்கினார். அப்பாவோடு நானும் செண்பகமும் அங்கேதான் இருந்தோம். வேண்டாம் தங்கச்சி என்று முதல் வார்த்தையே சொல்லிவிட்டார். "வியாதிக்காக இல்லை. என் காலைப் பாத்தியள்ளா, நான் அதைக் குறை சொல்ல முடியுமா? முதல்லயே சொல்லியிருந்தா வீட்டுல சண்டை போட்டாவது முடிச்சிருப்பேன். இப்ப என் சம்சாரம், இன்னும் என்னென்னத்தை மறைச்சிருக்காங்களோன்னு கேக்கா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க, உங்க மகன் எங்க பயகிட்ட எல்லாம் பேசியாச்சுன்னு சொல்லியிருக்கானே, அவனும் தெரிஞ்சேதான் சொன்னானா?" என்று கேட்டார். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்கள். இல்லை அண்ணாச்சி, அவனையும் நான்தான் ஏமாற்றினேன் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் மகனே, நான் செய்தது எனக்கு முழுசாகத் தெரிந்தது. அவர், அப்படியானால் முதலில் நீங்கள் உங்கள் மகனுக்கு எழுதுங்கள், நான் ஒரு வாரம் பொறுத்து என் மகனுக்கு எழுதுகிறேன், ரெண்டு பேரும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிற பிள்ளைகள் என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். எழுந்து புறப்படும்போது கூச்சத்தோடு, அந்தப் பிஸ்கட் மிச்சம் இருக்கிறதா, ஆறு வருஷத்தில் ஒரு பலகாரத்தை நிம்மதியாகத் தின்றது அன்றைக்குத்தான் என்று கேட்டார். எனக்கு ஒரு நிமிஷம் பைத்தியக்கார ஆசை, மனது மாறிவிட்டாரோ என்று. அப்படி இல்லை, பாவம், பிஸ்கட்டுக்காக மட்டும்தான் கேட்டார். செண்பகம்தான் காகிதப் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். "உப்பு சேக்கலை மாமா, பிரஷர் இருந்தாலும் சாப்பிடலாம், ஒரு நாளைக்கு ரெண்டுக்கு மேல வேண்டாம்" என்றாள். அவர் பையை வாங்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பஸ் போகும் வரை இவள் வாசலில் நின்றாள்.

வீட்டுக்கு வந்தபிறகும் அவள் அழவில்லை, அழுதால் கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வேலையெல்லாம் செய்கிறாள், மணிக்கு ஊசி போட்டுக்கொள்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், தானாக என்னிடம் ஒன்றும் பேசுவதில்லை. நேற்று மட்டும் வந்து, "இனிமே யாராவது பாக்க வந்தா நானே வாசல்ல வச்சுச் சொல்லிருதேன், நீ உள்ள இரு" என்று சொன்னாள். சரி என்றேன். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும், ஆனியில் அவன் லீவில் வந்து பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்து அவள் முகம் வேறாக இருந்தது. அப்பா வழக்கம்போலக் கடைக்குப் போகிறார்கள், என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பாதுஷா ஒன்றும் அறியாமல், சீனி வியாதிக்காரங்க எத்தனையோ பேரு இருக்காங்கக்கா, வாராவாரம் ஒரு தட்டு போடுவோமா என்று கேட்கிறான். எனக்கு அந்த மாவில் கை வைக்கப் பிடிக்கவில்லை. செண்பகம் வேண்டுமானால் செய்யட்டும், கற்றுக்கொண்டுவிட்டாள்.

துரைப்பாண்டி உன்னிடம் கேட்டால் எனக்காகப் பரிந்து பேசாதே மகனே. எங்க அம்மா பொய் சொல்லிவிட்டாள் என்று மட்டும் சொல். பெண்ணைப் பெற்றவள், பாசத்தில் செய்துவிட்டாள் என்று அதோடு எதையும் சேர்க்காதே. அவன் உன்னோடு பேசாமல் இருந்தால் பொறுத்துக்கொள். என்மேல் உனக்குக் கோபம் வந்தால் அதையும் எழுது, படித்துக்கொள்கிறேன். நீ நல்ல பெயரோடு, தீர்க்காயுளோடு இருக்க வேண்டும் என்று சங்கரநாராயண சுவாமியை வேண்டிக்கொண்டுதான் விளக்கேற்றுகிறேன். ஒன்றை மறக்காதே, செண்பகத்துக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. எனக்கு எழுதுவதோடு சேர்த்து வைக்காமல் அவள் பெயருக்கே போடு, அவளே பிரித்துப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னிடமும் உண்மையை மறைத்த அம்மா,
ச. ஆவுடையம்மாள்