அந்தச் சுவாமியின் கதையைச் சொன்ன நாள்

இன்று காலை காருக்குப் பெட்ரோல் அடிக்கும்போது கொஞ்சம் கையில் தெறித்துவிட்டது. கழுவ மனம் வரவில்லை. வேலை முடிந்து நீங்கள் வரும்போது, நம் இல்ஃபோர்ட் வீட்டுக்குள் உங்களுக்கு முன்னால் வருகிற மணம் அது.

எண்பதுகளின் நடுவில், மன்னாரில் பௌதிகம் படிப்பித்த உங்களுக்கு லண்டன் தந்தது பெட்ரோல் நிலையத்துக் கல்லாவைத்தான். அதை நீங்கள் குறையாகச் சொன்னதில்லை. லீவு நாட்களில் நூலகத்துக்குப் போய், முந்நூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஓர் இத்தாலியக் கத்தோலிக்கச் சுவாமியைப் பற்றிப் படித்தீர்கள். பட்டு வியாபாரியின் மகன். இயேசு சபையில் சேர்ந்து கணிதம் படிப்பித்தவர். நிலவின் மேடுபள்ளங்களை வரைந்தவர். குசினியில் என் பக்கத்தில் நின்று அவர் கதையைச் சொல்வீர்கள்.

"வெங்காயத்தை வெட்டிக்கொண்டு சொல்லுங்கோ" என்பேன். வெட்டுவீர்கள்.

ஒரு சனிக்கிழமை யன்னலைக் கறுப்புக் குப்பைப் பைகளால் மூடி, சிறு துளை போட்டு, அதன் வழியே விழுந்த வெயிலில் என் தையல் ஊசியைப் பிடித்தீர்கள்.

"நிழலின்ர ஓரத்தைப் பாரும். என்ன தெரியுது?"

"நிறம் நிறமாய்க் கோடு."

"வெளிச்சம் நேராத்தான் போகுமெண்டு எல்லாரும் சொல்லேக்க, இல்லை, ஓரத்தில விலகுதெண்டு கண்டவர் அவர். அந்தப் புத்தகம் அச்சாகி வரேக்க ஆள் உயிரோட இல்லை."

நீங்கள் சொன்ன விதம், யாரோ நேற்றுச் செத்தவரைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது.

தமிழ்ப் பூசைக்குப் பிறகு மாதா கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிறு அவரைப் பற்றிப் பேசும்படி உங்களைக் கேட்டார்கள். குளியலறையில் சத்தமாகப் பேசிப் பழகினீர்கள். அந்த ஞாயிறு வருவதற்குள், வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னமே எல்லாம் முடிந்திருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிய, மண்டபத்துப் பொறுப்பாளர் தயங்கித் தயங்கி வந்தார்.

"அக்கா, அந்தப் பேச்சை விடுவமே?"

"விட வேண்டாம். எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லுறன்."

சொன்னேன். உங்களிடம் கேட்டபடியே, உங்கள் சொற்களிலேயே சொன்னேன். கடைசி வரை அழவில்லை. முடிந்ததும் வயதான ஓர் அம்மா எழும்பினார்.

"பிள்ளை, அந்தச் சுவாமி சாகேக்க தாய் உயிரோட இருந்தவவோ?"

எனக்குத் தெரியவில்லை. உங்களைக் கேட்கவென்று பக்கத்தில் வெறுமையாய்க் கிடந்த கதிரையின் பக்கம் திரும்பிவிட்டேன். அப்போதுதான், அத்தனை பேருக்கு முன்னால், உடைந்து அழுதேன்.

தேடினால் விடை கிடைக்குமே அம்மா என்கிறாள் நம் மகள். நான் தேடவில்லை. உங்களிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்று வேண்டும்.