அழகருக்கு முன்னால் வந்த கார்டு

மீனாட்சி துணை

வண்டியூர், மதுரை
சித்திரை 7, திங்கட்கிழமை

அன்பு மகள் தமிழ்வாணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியமாக இருக்கிறோம், உனக்கு அந்த வறட்டு இருமல் விட்டுவிட்டதா. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல், அடுப்பில் மைதாப் பசை காய்ச்சினேன். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை. அப்பா எட்டிப் பார்த்து, என்ன சுபா, இன்னைக்குக் கஞ்சிதானா என்றார், உப்புப் போட்டுத் தரவா, குடிச்சுட்டு ஆபீஸ் போறீகளா என்றேன், பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்ட அப்பாவுக்கு இப்போதே அரை மணி நேரம் ஆகிறதாம். தெப்பக்குளத்தைச் சுற்றிச் சாயங்காலம் நடக்கிறேன், கைக்குச் சொன்ன பயிற்சியையும் விடாமல் செய்கிறேன். நீ அனுப்பிய கத்தரிக்கோலுக்கு உனக்கு நன்றி சொல்லவே இல்லை. விரலைத் தளர்த்தினால் தானாகத் திறந்துகொள்கிறது. ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை வீங்குகிற நாளில்கூட அதை வைத்து அட்டை வெட்டுகிறேன், மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டியவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனியில் நடக்கிற உன் பட்டமளிப்புக்கு நீ எடுத்த இரண்டு விமான டிக்கெட்டையும் அப்பா அச்செடுத்து பீரோவில் வைத்திருக்கிறார், எதிர்வீடு பக்கத்து வீடு எல்லோரும் பார்த்தாயிற்று. எனக்கும் நூலகத்தில் இரண்டு மாத லீவு கிடைத்துவிட்டது. இதற்கு எதற்குக் கடிதம், போனில் சொல்லலாமே என்பாய். போன் என்றால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், உன் குரலைக் கேட்டால் நான் சொல்ல வந்ததும் மாறிவிடும்.

வருஷா வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு நான் வாழ்த்து அட்டை செய்வதைப் பொழுதுபோக்கு என்றுதான் நீ நினைத்திருப்பாய். அதற்குக் காரணம் ஒன்று உண்டு. புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கிற கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக ஏழு வாரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் நாங்கள் நான்கு பேர் தினமும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், சோழவந்தான் கனகாக்கா, கோரிப்பாளையத்தில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருக்கிற மும்தாஜ் அக்கா, ஸ்யாமளா டீச்சர், நான். சிகிச்சை முடிந்து பிரிகிற அன்று, போன் மட்டும் வேணாம்டி, நம்மள்ல ஒருத்தி பேரு போன்ல வந்தாலே ஈரக்குலை நடுங்கும் என்றாள் கனகாக்கா. அதற்குப் பதிலாக, அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்தில் ஆளுக்கொரு வாழ்த்து, அவரவர் கையால் செய்து அனுப்புவது என்று பேசிக்கொண்டோம். முதல் வருஷம் ஸ்யாமளா டீச்சருடைய கார்டு திருவிழா அன்றைக்கே வந்தது, தங்கக் குதிரையும் பச்சைப் பட்டுமாக அத்தனை நேர்த்தி. டீச்சர் தேறிவிட்டார் என்று மூவருமாகப் பூ வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். அவர் பங்குனியிலேயே போய்விட்டிருந்தார், முன்கூட்டிச் செய்து வைத்திருந்த கார்டை மகள் தபாலில் சேர்த்திருக்கிறாள். அந்த வீட்டு வாசலில் நின்றுதான் மும்தாஜ் அக்கா சட்டம் போட்டார். இனிமே யாரும் முன்னாடியே முடிச்சு வைக்கக் கூடாது, குதிரைய வரைங்க, அழகர வரைங்க, பட்ட மட்டும் வெறுமையா விட்டுருங்க, அன்னைக்கு விடியக்காலைல அவரு எந்தக் கலர்ல இறங்குறாருன்னு பாத்துட்டு அந்தத் துணிய ஒட்டி அனுப்புங்க, அப்பத்தான் நீங்க இருக்கீகன்னு எனக்குத் தெரியும் என்றார். பட்டர் பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கிற பட்டு பச்சையா சிவப்பா மஞ்சளா வெள்ளையா என்று அந்த நேரம்வரை யாருக்கும் தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். அதனால்தான் தையல்கடையில் நான்கு நிறத்திலும் துண்டுத்துணி வாங்கி வைக்கிறேன், கடையில் மிஞ்சுகிற கனத்த அட்டையை மும்தாஜ் அக்கா கொடுத்தனுப்புகிறார். அழகர் இறங்கிய நாலைந்து நாளில் இரண்டு கார்டும் வந்து சேரும். அந்த இரண்டையும் கையில் வாங்கினால் எனக்கு அடுத்த சித்திரைவரை போதும்.

போன வியாழக்கிழமை கனகாக்காவின் கார்டு வந்தது. திருவிழாவுக்கு இன்னும் இரண்டு வாரம் கிடக்கிறது, பச்சைப் பட்டு ஒட்டி வந்திருக்கிறது. அப்பாவுக்கு எங்கள் சட்டம் தெரியாது, பச்சைதான்னு இந்தம்மாவுக்கு யாரு சொன்னா, அழகரே போன் போட்டுட்டாரா என்று சிரித்தார். மறுநாள் நூலகத்துக்குப் போகாமல் சோழவந்தான் பஸ் ஏறினேன். கனகாக்கா கொடிக்காலில் இருந்தாள். வெற்றிலைக் கொடிக்குள் செருப்போடு போகக் கூடாது என்பதால் வரப்பில் கழற்றிவிட்டு உள்ளே போனேன், வெளியே அவ்வளவு வெயில், அகத்தி நிழலில் தரை ஜில்லென்று இருந்தது. வா லைப்ரரி, புஸ்தகத்துக்கெல்லாம் இன்னைக்கு லீவா என்றாள். நான் கார்டை எடுத்து நீட்டினேன். அதுவா, வேலை ஒழிஞ்ச நேரத்துல ஒட்டிட்டேன், எப்புடியும் பச்சைதான கட்டுவாரு என்றாள். சிவப்புக் கட்டினால் என்று கேட்டேன். அப்பப் பிச்சுட்டு நீயே ஒட்டிக்க, உங்கிட்டத்தான் நாலு கலரும் கெடக்கே என்று சொல்லிவிட்டு இலை கிள்ளப் போய்விட்டாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். மாசிலயே டாக்டரு பாத்துட்டாரு சுபா, திரும்ப வந்துருச்சாம், ஆறு தடவ மருந்து ஏத்துனா அடங்கும்ங்குறாரு, அப்புடி ஏத்திட்டு வருசக்கணக்கா நல்லா இருக்கவுக இருக்காகளாம், நான்தான் வேணாம்னுட்டேன், மருமக மாசமா இருக்கா, அவ ஒரு பக்கம் வாந்தி எடுக்க நான் ஒரு பக்கம் வாந்தி எடுக்க, எம்மகன் யாரத்தான் புடிப்பான், அவங்கிட்டச் சொல்லல, நீயும் சொல்லிராத. இம்புட்டையும் சொல்லி முடித்துவிட்டு, வெயிலில் வந்தவளுக்குத் தண்ணிகூடத் தரலியே என்று என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். மருமகள் டீ போட்டுத் தந்தாள், நல்ல பெண், ஐந்தாவது மாதம். அவள் முன்னால் நாங்கள் வெயிலைப் பற்றியும் பஸ் கூட்டத்தைப் பற்றியும் பேசினோம். புறப்படும்போது ஒரு கட்டு வெற்றிலையை என் பைக்குள் வைத்து, மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டுப் போகாத, பஸ்ல எவனும் எந்திரிச்சு எடம் தர மாட்டான் என்றாள்.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது எழுதுகிறேன், அப்பாவுக்கும் இது தெரியாது. சிகிச்சை பாதி ஓடியிருந்தபோது ஒரு நாள் நான் விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். தோல் வெந்து துணி பட்டாலே உயிர் போனது, ராத்திரி தூக்கமில்லை, இவ்வளவு பட்டுப் பிழைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டது. அப்பா மருந்துக்கு வரிசையில் நின்றார், நான் வாசலுக்கு வந்து ஒரு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். கனகாக்கா எங்கிருந்துதான் பார்த்தாளோ, ஓடி வந்து ஆட்டோவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். அண்ணே, வண்டிய எடுக்குறதுன்னா எம்மேல ஏத்திட்டு எடுங்க என்றாள். ஆட்டோக்காரர், எனக்கு எதுக்கும்மா உங்க சண்டை, எறங்குங்க தாயி என்று என்னைக் கும்பிட்டார். இறங்கிய என்னை அவள் திட்டவில்லை. உள்ள வா, இன்னைக்கு ஒருநா மட்டும் வச்சுக்க, நாளைக்கு ஓடிப்போயிரு என்றாள். மறுநாள் பெஞ்சில் உட்கார்ந்ததும், இன்னைக்கும் வச்சுக்க, நாளைக்கு ஓடு என்றாள். மீதி நாள் பதினேழும் இதே பேச்சுத்தான். அவளுக்கும் அதே வலிதான், அதற்கு மேல் சோழவந்தானிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து போகிற பாடுதான். நீ அப்போது ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் வருஷம், கிளம்பி வருகிறேன் என்று அழுதாய், நான்தான் வராதே என்றேன். வரவில்லையே என்று இன்றைக்கும் நீ மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாய், போனில் பேச்சு வேறு எங்கோ போனாலும் கடைசியில் அங்கே வந்து நிற்கிறாய். அதை இறக்கி வை கண்ணு. நீ இருக்க வேண்டிய இடத்தில் ஒருத்தி இருந்தாள். நீயும் அங்கே உன் படிப்பை விடாமல் முடித்தாய், நானும் இங்கே பிழைத்துக் கிடந்து அதைப் பார்க்கிறேன், இந்த இரண்டும் ஒருசேர எத்தனை பேருக்கு வாய்க்கிறது. பசை காய்ச்சும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்கும் ஒரு கார்டு இதோடு வைத்திருக்கிறேன். குதிரையின் கால் கொஞ்சம் கோணல், கண்டுகொள்ளாதே. பட்டுக்குரிய இடம் வெறுமையாக இருக்கிறது, நான்கு துண்டும் சின்ன உறையில் இருக்கின்றன. இது வந்து சேருவதற்குள் அழகர் இறங்கியிருப்பார், நிறத்தை விசாரித்துக்கொண்டு ஒட்டு. உன் மேசை முன்னால் வைத்துக்கொள். ராத்திரி ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காமல் ஒரு பிடி சோறாவது வடித்துச் சாப்பிடு, இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. மீனாட்சி உன் கூடவே இருப்பாள், நீ எடுத்த பட்டம் உனக்கும் ஊருக்கும் உதவட்டும்.

இனி, இதற்காகத்தான் இந்தக் கடிதம். வாணி, உன் பட்டமளிப்புக்கு நான் வரப்போவதில்லை. திருவிழா முடிந்து அடுத்த திங்கட்கிழமை கனகாக்காவைக் கூட்டிப்போய் முதல் மருந்து ஏற்றச் செய்யப்போகிறேன். அதற்கு முன்னால் அவள் வாயாலேயே மகனிடம் சொல்ல வைப்பேன், சொல்லாவிட்டால் நான் சொல்வேன், அவள் என்னோடு பேசாமல் போனாலும் சரி. நம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பக்கம், உன் அறையில் அவள் இருக்கட்டும். கிடைத்த லீவு மூன்று தடவைக்குக் காணும், மீதிக்கு மும்தாஜ் அக்காவைக் கேட்பேன். நடுவில் ஒரு வாரம் வந்து போகலாமே என்பாய். நானும் காலண்டரை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன், மூன்றாவது மருந்து சரியாக உன் பட்டமளிப்பு வாரத்தில் விழுகிறது, பாதி வழியில்தான் மனுஷிக்கு ஓடத் தோன்றும் என்று எனக்குத் தெரியும். உன்னை அந்த அங்கியில் பார்க்காமல் போவது எனக்கு எப்படி இருக்கும் என்று எழுத வரவில்லை. நீ கோபப்பட்டால் அது நியாயம், நான் தாங்கிக்கொள்வேன். அப்பா தனியாக வருவார், சென்னையில் விமானம் மாறுவதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடு, போட்டோ எடுக்கும்போது லென்ஸ் மேலிருந்து விரலை நகர்த்தச் சொல். என் டிக்கெட்டை மட்டும் ரத்து செய், அது உன் கணக்கில் எடுத்தது, உன்னால்தான் முடியும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. கனகாக்காவிடமும் சொல்லவில்லை, அவளைக் கேட்டுக்கொண்டு செய்கிற காரியமில்லை இது.

உன் அம்மா,
சுபலட்சுமி